11 நாள், 7 நாடு ஐரோப்பா பஸ் ரூர்: திட்டத்தை ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ

கந்தர்மடத்தான்

வணக்கம். யூன் மாதக் கடைசியில குழுவாப் போற பஸ் ரூர் ஒண்டுக்கு இஞ்ச யாழ்ப்பாணத்தில ஒரு முகவர் தந்த திட்டம் இது.

யூன் 20 பாரிஸில இறங்கி 2 இரவு. 22 பிரசெல்ஸ் பார்த்து ஆம்ஸ்டர்டாமில 1 இரவு. 23 கொலோனில 1. 24 கொலோனில இருந்து கறுப்புக்காடு, திதிசே ஏரி பார்த்து சுவிஸ் லூசேர்னுக்கு. அங்க 2 இரவு, இடையில தித்லிஸ் மலை. 26 இத்தாலியில பாதுவாவில 1. 27 வெனிஸ் பார்த்து புளோரன்ஸ் பக்கம் 1. 28, 29 ரோம். 30 ரோமில இருந்து விமானம். ஆக்கள் 48. ஏழு நாடு எண்டு நோட்டீசில போட்டிருக்கு. வத்திக்கானையும் எண்ணித்தான் ஏழு வருது.

அம்மாவும் வாறா, 68 வயது, இன்சுலின் போடுறவ. குழுவில சில பேர் சுத்த சைவம். பாரிஸில சொந்தக்காரர் இருக்கினம். விசா எந்த நாட்டுக்குப் போடோணும்? இந்தத் திட்டம் சொன்னபடி ஓடுமோ? முற்பணம் கட்ட முதல் முகவரிட்ட எதைக் கேக்கோணும்?

வடலி

விசாவை முதல் முடிப்பம். ஷெங்கன் விசாவுக்கு (ஒரே விசாவில பல ஐரோப்பிய நாட்டுக்குள்ள போறது) எங்க இறங்கிறீங்கள் எண்டது கணக்கில்லை, எங்க கூட நாள் நிக்கிறீங்கள் எண்டதுதான் கணக்கு. உங்களுக்கு பிரான்ஸ் 2 இரவு, சுவிஸ் 2, இத்தாலி 4. ஆனபடியால் இத்தாலி. நாடுகளுக்கு நாள் சமமா வந்தால் மட்டும்தான் முதல் நுழையிற நாட்டைப் பார்க்கிறது.

விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னமே போடலாம், 15 நாளுக்குப் பிந்தக்கூடாது. முடிவு வழமையா 15 நாள், சிக்கலெண்டால் 45 நாள் மட்டும் இழுக்கும். கோடைகாலப் பயணத்துக்கு விண்ணப்பம் குடுக்கிற நேரத்தைப் பதிஞ்சு எடுக்கிறதுதான் பெரிய பாடு, ஆனபடியால் யூன் பயணத்துக்கு மாசியிலயே அலுவலைத் தொடங்குங்கோ. கட்டணம் 2024 யூனில இருந்து பெரியாக்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதுக்குக் கீழ இல்லை. விண்ணப்ப நிலையத்தின்ர சேவைக் கட்டணம் புறம்பு. கடவுச்சீட்டு 10 வருசத்துக்குள்ள எடுத்ததா, திரும்பிற நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியா, 2 வெற்றுப் பக்கத்தோட இருக்கோணும். காப்புறுதி குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடு முழுக்கச் செல்லோணும். விலை குறைவெண்டு ஒரு நாட்டுக்கு மட்டும் எடுத்தால் திருப்பி அனுப்புவினம்.

குழுவாப் போனாலும் விண்ணப்பம் ஆளுக்கு ஆள் தனி. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் விரலடையாளம் குடுக்கோணும். இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போறாக்கள் விடிய 8 மணிக்கு நேரம் பதியாதேங்கோ, 10க்குப் பிந்திப் பதியுங்கோ.

நிராகரிப்புக்குக் கூடின காரணம் வங்கிக் கணக்கு. மாசம் 40 ஆயிரம் வந்து போன கணக்கில விண்ணப்பிக்க ரெண்டு கிழமைக்கு முன்னம் 15 இலட்சம் விழுந்தால் எந்த அதிகாரியும் கேள்வி கேப்பார். நகையை அடகு வைச்சுப் போட்ட காசெண்டால் அடகுச் சீட்டு, காணி வித்த காசெண்டால் உறுதியின்ர பிரதி, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பினதெண்டால் அவரின்ர கடிதமும் சம்பளச் சீட்டும் சேர்த்து வையுங்கோ. தமிழிலயோ சிங்களத்திலயோ உள்ள பிறப்பு, விவாகச் சான்றிதழுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின்ர ஆங்கிலப் பிரதி வேணும்.

கந்தர்மடத்தான்

முகவர் பிரான்சுக்குத்தான் போடுவம் எண்டு நிக்கிறார். அங்க நேரம் கெதியாக் கிடைக்குமாம்.

வடலி

தங்களுக்கு உரியதில்லை எண்டு கண்டால் பிரான்ஸ் தூதரகம் விண்ணப்பத்தை ஏற்காமத் திருப்பித் தரும். கட்டணம் வரும், போன மூண்டு கிழமை வராது. இதைச் சுத்துறதுக்கு சில பேர் பாரிஸில 5 இரவெண்டு பொய் ஹொட்டேல் பதிவு காட்டுவினம். எல்லையில உண்மையான திட்டம் வெளிவந்தால் விசாவையே இரத்துச் செய்யலாம். அந்த விளையாட்டு வேண்டாம்.

அதோட சொந்தக்காரர் விசயம். ரூர் முடிய ரோமில இருந்து பாரிஸுக்குத் திரும்பிப் போய் ஒரு கிழமை நிக்கிற யோசனை இருந்தால் இப்பவே சொல்லோணும். அப்ப பிரான்ஸ் நாள் கூடிவிடும், உங்களுக்கு மட்டும் விண்ணப்பம் நேர்மையாகவே பிரான்சுக்கு மாறும், குழுவுக்கு இத்தாலியாவே இருக்கும். சொந்தக்காரர் தங்கட நகரசபையில வரவேற்புச் சான்று எடுத்து மூலப்பிரதியை அனுப்போணும். காப்புறுதியும் திரும்பிற ரிக்கெற்றும் அந்த நாள்மட்டும் இருக்கோணும்.

விசா ஒட்டினாப் பிறகு "வரை" எண்ட திகதியை மட்டும் பார்த்து ஏமாறாதேங்கோ. அதுக்குள்ள வழமையா 15 நாள் சலுகை சேர்ந்திருக்கும். கீழ தங்கும் நாள் 11 எண்டு போட்டிருந்தால் 11 நாள்தான். 2025 ஒக்ரோபர் 12 இல தொடங்கின புது நுழைவு வெளியேற்றப் பதிவு முகத்தையும் விரலடையாளத்தையும் வைச்சு நாளை எண்ணும். முந்தி முத்திரை மங்கலெண்டு தப்பினவை இனித் தப்பேலாது.

கோப்பாய்_கிழக்கு

அப்பிடியெண்டால் நடுவில லண்டனுக்கும் ஒரு எட்டுப் போட்டு வரலாமே? எங்கட ஆக்கள் பாதிப்பேர் அங்கதானே.

வடலி

லண்டன் ஷெங்கன் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம். அதோட உங்கட ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவெண்டால், பாரிஸில இருந்து லண்டனுக்குக் கால் வைச்ச உடன அது முடிஞ்சுது. திரும்பிப் பஸ்ஸில ஏறேலாது. சுவிஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லாட்டியும் ஷெங்கனில இருக்கு.

ஸ்ருட்காட்_சாரதி

திட்டம் ஓடுமோ எண்டதுக்கு நான் பதில் சொல்லுறன். ஐரோப்பாவில ரூர் பஸ்ஸை ஓட்டுறது முகவரில்லை, சாரதியின்ர மணித்தியாலம். 561/2006 எண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி. ஒரு நாளைக்கு ஓட்டக்கூடியது 9 மணித்தியாலம், கிழமைக்கு ரெண்டு தரம் மட்டும் 10. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிசம் ஓய்வு. ஒரு நாள் வேலை முடிஞ்சு அடுத்த நாள் தொடங்க 11 மணித்தியால இடைவெளி. ரெண்டு கிழமை ஓய்வுக்கு இடையில மூண்டு தரம் மட்டும் அதை 9 ஆக்கலாம். எல்லாம் ரக்கோகிராபில, ஓட்டின நேரத்தைப் பதியிற கருவியில, பதியும். வீதியில மறிச்சால் சாரதியின்ர கார்ட்டை இழுத்துப் பார்த்து அந்த இடத்திலயே தண்டம் எழுதுவினம், பஸ்ஸையும் நிப்பாட்டி வைப்பினம். "தம்பி, இன்னும் அரை மணித்தியாலம்தானே" எண்ட கதை எடுபடாது.

24 மணித்தியாலத்தில 11 கழிச்சால் 13. காலமை 7.30க்கு வெளிக்கிட்டால் சாரதி 7 மணிக்கே வேலை தொடங்கிவிட்டார், பெட்டி ஏத்திறதும் கழுவிறதும் வேலைதான். ஆகவே இரவு 8 மணிக்கு முன் பஸ் நிக்கோணும். நீங்கள் மத்தியானம் மூண்டு மணித்தியாலம் ஊர் பார்த்தாலும் அந்த 13 ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்ப உங்கட 24ஆம் திகதி. கொலோன், திதிசே, லூசேர்ன் சேர்த்து சுமார் 600 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில பஸ்ஸின்ர உச்சவேகம் மணிக்கு 100. வேலை நடக்கிற இடம், கறுப்புக்காட்டு வளைவு எல்லாம் சேர்த்தால் சராசரி 70 பிடிக்கலாம். எட்டரை மணித்தியாலம் சில்லு உருளோணும். காள்ஸ்றூவுக்கும் பாசலுக்கும் இடையில ஏ5 நெடுஞ்சாலையில ஒரு நெரிசல் வந்தால் ஒன்பதைத் தாண்டும். என்ன நடக்கும்? திதிசேயில ரெண்டு மணித்தியாலம் எண்டது 35 நிமிசமாகும், அந்த 35உம் குயில் மணிக்கூட்டுக் கடைக்குள்ள போகும்.

திருத்தம் லேசு. 23ஆம் திகதி கொலோன் தேவாலயத்தைப் பார்த்திட்டு அங்க படுக்காம ஹைடல்பேர்க்குக்கு இறங்கோணும். ஆம்ஸ்டர்டாம் கொலோன் 260, கொலோன் ஹைடல்பேர்க் 250. அடுத்த நாள் திதிசே வழியா லூசேர்னுக்கு சுமார் 370தான். ரெண்டு நாளும் மூச்சு விடும்.

26 லூசேர்னில இருந்து பாதுவா 480 சொச்சம், கொத்தார்ட் சுரங்கம் வழியா. 16.9 கிலோமீற்றர் நீளத்தில ஒரே குழாய், ரெண்டு திசைக்கும் ஒவ்வொரு வரிசை. கோடையில வெள்ளி பின்னேரமும் சனியும் வடக்கு வாசலில கிலோமீற்றர் கணக்கில வரிசை நிக்கும். வெள்ளியெண்டால் 7 மணிக்கு வெளிக்கிடுங்கோ.

கோப்பாய்_கிழக்கு

ரெண்டு சாரதி போட்டால் எல்லாம் சரிதானே அண்ணை?

ஸ்ருட்காட்_சாரதி

சரிதான். ரெண்டாவது ஆளின்ர சம்பளம், சாப்பாடு, அறை எல்லாம் உங்கட காசில. 11 நாளுக்கு அது தேவையில்லை. சர்வதேசச் சுற்றுலாச் சேவைக்கு 12 நாள் விதி எண்டு ஒண்டிருக்கு: கிழமை ஓய்வை 12 நாள்மட்டும் தள்ளிப் போடலாம். 14, 15 நாள் ரூரெண்டால் மட்டும் சாரதி மாறுறாரோ, நடுவில பஸ் இல்லாத நாள் இருக்கோ எண்டு கேளுங்கோ.

ஆனால் ஒண்டு. உங்கட நோட்டீசில பாரிஸ் இரவு ஒளி ஊர்வலம், அதாவது இரவு விளக்கு வெளிச்சத்தில பஸ்ஸில ஊரைச் சுத்திப் பார்க்கிறது, எண்டு இருக்குமே?

கந்தர்மடத்தான்

ஓம், 21 இரவு. "மேலதிகக் கட்டணம் 35 யூரோ" எண்டு போட்டிருக்கு.

ஸ்ருட்காட்_சாரதி

யூன் 21 பாரிஸில சூரியன் மறையிறதே இரவு 10க்கு. நல்லா இருட்ட பத்தரை, பதினொண்டாகும். ஈபிள் கோபுரம் மினுங்கிறது இருட்டினாப் பிறகு ஒவ்வொரு மணிக்கும் 5 நிமிசம். காலமை 8 மணிக்கு வேலை தொடங்கின சாரதி அந்த நேரம் சட்டப்படி படுத்திருக்கோணும். ஓய்வை 9 ஆக்கினாலும் இரவு 11க்கு பஸ் நிக்கோணும், அடுத்த நாள் காலமை 8க்குப் பிந்தித்தான் அசையலாம். அண்டுதான் உங்களுக்கு பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், 500 கிலோமீற்றருக்கு மேல. போதாததுக்கு யூன் 21 பிரான்ஸ் முழுக்க இசைத் திருநாள், வீதியெல்லாம் சனம். அந்த 35ஐக் கட்டினால் வெளிச்சத்தில ஒரு சுத்துச் சுத்தி 9 மணிக்கு ஹொட்டேலில விடுவினம். ஒக்ரோபரில போறவைக்கு அந்த ஊர்வலம் நல்லது, யூனில வேண்டாம்.

செங்கை_ஆழ்கடல்

இத்தாலிப் பக்கத்தை நான் சொல்லுறன். வெனிஸுக்குள்ள பஸ் போகாது. த்ரொங்கெத்தோ தரிப்பிடத்தில இறங்கி படகு. படகுக் காசு சேர்ந்ததோ எண்டு எழுத்தில கேளுங்கோ. 2024 ஓகஸ்டில இருந்து வழிகாட்டியோட போற குழு 25 பேருக்கு மேல இருக்கக்கூடாது, ஒலிபெருக்கியும் தடை. நீங்கள் 48 பேர், ஆகவே ரெண்டு வழிகாட்டி வேணும். ஒரு வழிகாட்டிதான் எண்டு முகவர் சொன்னால் ஒண்டில் அவருக்கு விதி தெரியாது, இல்லாட்டி அங்க வழிகாட்டியே இல்லை.

நகர நுழைவுக் கட்டணமும் இருக்கு. 2025இல முன்கூட்டிப் பதிஞ்சால் 5 யூரோ, கடைசி நாளுகளில பதிஞ்சால் 10. வசந்தம், கோடையில குறிச்ச நாளுகளில, காலமை 8.30 முதல் மாலை 4 வரை, 14 வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு. மெஸ்த்ரேயில படுத்தால் அது வெனிஸ் நகரசபைக்குள்ள, கட்டணம் இல்லை. ஆனாலும் விலக்குப் பதிவு எடுக்கோணும். உங்கட பாதுவா வெளிய, ஆகவே கட்டணம் உண்டு. ஒவ்வொரு வருசமும் நாள்பட்டியல் மாறும், போக முதல் பாருங்கோ.

ஹொட்டேல் நகரவரி பற்றி நோட்டீசில ஒரு வரியும் இராது. ரோமில 4 நட்சத்திரமெண்டால் ஆளுக்கு ஓரிரவு 7.50 யூரோ, ரெண்டு இரவுக்கு 15. வரவேற்பு மேசையில காசாக் கேப்பினம். அதோட "ரோம் ஹொட்டேல்" எண்டால் எத்தினை கிலோமீற்றரில எண்டு கேளுங்கோ. பாரிஸுக்கும் அதே கேள்வி. ஹொட்டேல் பெயரைப் புறப்பட 10 நாளுக்கு முன்னம்தான் தருவம் எண்டால் நகர எல்லையில இருந்து எவ்வளவு தூரத்துக்குள்ள எண்டதையாவது எழுத்தில எடுங்கோ.

"பனோரமிக்" எண்டு போட்ட இடம் பஸ் யன்னலால பார்க்கிற இடம். "படம் எடுக்க நிறுத்தம்" எண்டால் 15 நிமிசம். "உள்நுழைவு சேர்ந்தது" எண்டு எழுதியிருந்தால்தான் ரிக்கெற் உங்கட காசுக்குள்ள. கொலோசியம் பெரும்பாலும் வெளியில நிண்டுதான்.

சுன்னாகம்_மிளகாய்

சாப்பாட்டுக்கு வருவம், அதுதான் எங்கட ரூரிலை பாதிச் சண்டை. இரவுச் சாப்பாடு அனேகமா வட இந்தியக் கடை: நாண், பருப்பு, பனீர், கோழி. ஏழெட்டு நாள் தொடர்ந்து பனீர் எண்டால் வயிறு முறைப்பாடு வைக்கும். சைவக்காரர் "வெஜிற்றேரியன்" எண்டு மட்டும் சொன்னால் போதாது. ஐரோப்பியக் கடையில சூப் இறைச்சிச் சாறில செய்திருப்பினம், மீனைச் சிலர் சைவமாத்தான் எண்ணுவினம். "இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை, சாறும் இல்லை" எண்டு அந்தந்த மொழியில எழுதின துண்டை குழுத் தலைவரிட்ட குடுத்து வையுங்கோ.

கொண்டு போறதில கவனம். இறைச்சியும் பால் சாமானும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள விடாயினம்: நெய், பால்மா, பால்கோவா எல்லாம் தடை. கறிவேப்பிலை, பச்சை மாங்காய், முருங்கைக்காய் தாவரச் சான்றிதழ் இல்லாமப் போகாது. பருத்தித்துறை வடை, மிக்சர், இடிச்ச மிளகாய்த்தூள், தேசிக்காய் ஊறுகாய், பனங்கட்டி பிரச்சினையில்லை. ஊறுகாயை கைப்பையில வைச்சால் 100 மில்லிலீற்றர் விதியில பறிப்பினம், பெட்டிக்குள்ள போடுங்கோ.

கோப்பாய்_கிழக்கு

கருவாடு?

சுன்னாகம்_மிளகாய்

மீன் சாமானுக்கு தனிப் பாவனைக்கு 20 கிலோ மட்டும் சட்டம் விடும். உங்களோட பஸ்ஸில இருக்கிற மற்ற 47 பேர் விடுவினமோ எண்டதுதான் கேள்வி.

சோறு அவிக்கிற மின்பானை கொண்டு போறாக்களுக்கு: அறையில சமைக்கத் தடை, ஆவி பட்டு புகை எச்சரிக்கை அடிச்சால் தீயணைப்பு வாற செலவை உங்களிட்ட வாங்குவினம். சின்னச் சுடுதண்ணிக் கேத்தில் ஒண்டு மட்டும் எடுங்கோ, ஐரோப்பிய ஹொட்டேலில அது வைச்சிருக்கிறது குறைவு. செருகி மெல்லிய ரெண்டு கம்பி உள்ளதா வாங்குங்கோ. ஜேர்மன் தடிச்ச உருண்டைச் செருகி சுவிஸ் துளைக்குள்ள இறங்காது, இத்தாலியில பழைய துளைகளுக்கும் இறங்காது.

மருந்தகம்_மூலை

அம்மாவின்ர விசயத்தில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

இன்சுலின் கைப்பையிலதான் போகோணும். விமானத்தின்ர சாமான் அறையில உறைஞ்சால் அந்த மருந்து உதவாது. மருந்தின்ர பொதுப் பெயர், அளவு, ஊசியின் தேவை எழுதின மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில வேணும். பஸ்ஸில இருக்கிற குளிர்ப்பெட்டி தண்ணிப் போத்திலுக்கானது, அதுக்குள்ள வைக்க வேண்டாம், உறையும். நிப்பாட்டி வைச்ச பஸ்ஸுக்குள்ள விட்டிட்டும் இறங்க வேண்டாம், யூன் வெயிலில வேகும். தண்ணியில நனைச்சுக் குளிராக்கிற உறை போதும்.

கோடையில நேர வித்தியாசம் மூண்டரை மணித்தியாலம். நீண்டநேரம் வேலை செய்யிற இன்சுலினை எந்த நேரத்துக்கு மாத்திறதெண்டு போக முதல் அவவின்ர மருத்துவரிட்டயே கேளுங்கோ. பஸ் ரூரில உண்மையான ஆபத்து சீனி கூடிறதைவிடக் குறையிறது: மத்தியானச் சாப்பாடு 12க்கெண்டு போட்டு நெரிசலில 2.30க்கு வரும், இடையில 4 கிலோமீற்றர் நடந்திருப்பா. குளுக்கோஸும் பிஸ்கட்டும் அவவின்ர மடியில இருக்கோணும், பெட்டிக்குள்ள இல்லை.

தித்லிஸ் மேல்நிலையம் 3,000 மீற்றருக்கு மேல. பிதுருதலாகலையே 2,524 தான். நெஞ்சு வருத்தம் உள்ள ஆக்கள் இருதய மருத்துவரைக் கேக்காம ஏறக்கூடாது. நடுவில திரூப்சே நிலையத்தில ஏரிக்கரையில இருந்து மற்றாக்கள் வரும்வரை நிக்கலாம், அதுவும் வடிவு. மேல யூனிலயும் பனி, சேலையும் செருப்பும் சரிவராது. சாதாரண நாளுகளிலயும் கல்பாவின தெருவில 7, 8 கிலோமீற்றர் நடை வரும், பழகின சப்பாத்து வேணும், புதுசு வேண்டாம்.

மலசலகூடம்: ஜேர்மன் நெடுஞ்சாலையில பெரும்பாலான இடத்தில 1 யூரோ போட்டால் கதவு திறக்கும், 1 யூரோச் சீட்டுத் தருவினம், அந்தக் கடையில சாமானுக்குக் கழிக்கலாம். சில்லறை வைச்சிருங்கோ. பஸ்ஸுக்குள்ள இருக்கிறது அவசரத்துக்கு மட்டும்.

வடலி

காசு பற்றி ரெண்டு சொல். கார்ட் போடேக்க இயந்திரம் "இலங்கை ரூபாயிலோ யூரோவிலோ" எண்டு கேட்டால் எப்பவும் யூரோ. ரூபாயை அமத்தினால் மாற்றுவீதம் அவையின்ர. சுவிஸில பிராங்கை அமத்துங்கோ. அங்க யூரோத் தாளை வாங்குவினம், மிச்சத்தை பிராங்கில தருவினம்.

ஐரோப்பா சிம் எண்டு வாங்கிறதில சுவிஸ் சேர்ந்திருக்கோ எண்டு பாருங்கோ. பல சிம்மில இல்லை. எல்லை தாண்டின உடன காசு கரையும்.

லூசேர்னில மணிக்கூடு வாங்கிறாக்கள்: 300 பிராங்குக்குக் கூடினால் வரி திரும்பும், ஆனால் சுவிஸைவிட்டு வெளியேறேக்கயே சுங்க முத்திரை வேணும், ரோம் விமான நிலையத்தில அது சரிவராது. இத்தாலிக்குள்ள போற சியாசோ எல்லையில பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி முதல் நாளே சாரதியிட்ட சொல்லி வையுங்கோ. பாரிஸில வாங்கினதுக்கு ரோமில போடலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கடைசி வாசல் அதுதான்.

செங்கை_ஆழ்கடல்

முகவரிட்ட எழுத்தில கேக்க வேண்டியது: விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், எப்ப திரும்பும். 48 சேராம 30தான் சேர்ந்தால் ரூர் நடக்குமோ, விலை கூடுமோ. தனியறைக்கு எவ்வளவு மேலதிகம். மூண்டு பேர் அறையில மூண்டாவது கட்டிலோ, விரிக்கிற சோபாவோ. சாரதிக்கும் தலைவருக்கும் குடுக்கிற சன்மானம் சேர்ந்ததோ. முன் இருக்கை நாளுக்கு நாள் மாறுமோ. கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதேங்கோ, மூண்டாம் நாள் தெரியும்.

கந்தர்மடத்தான்

எல்லாருக்கும் நன்றி. முகவர் ஹைடல்பேர்க் இரவுக்கு ஒத்துக்கொண்டிட்டார், இத்தாலி விசாவுக்கும் ஓமெண்டிட்டார். பாரிஸ் இரவு ஊர்வலத்தை எடுத்துவிட்டம். ரோமில 29 முழுநாளும் வத்திக்கான் நூதனசாலையும் பேதுருவானவர் பேராலயமும் எண்டு திருத்தின திட்டம் வந்திருக்கு.

செங்கை_ஆழ்கடல்

யூன் 29 பேதுரு பவுல் திருநாள் அப்பு! ரோமுக்கே விடுமுறை. நூதனசாலை அண்டு பூட்டு, பேராலயத்தில பாப்பரசரின் திருப்பலி. 28க்கு மாத்துறதெண்டால் அது ஞாயிறோ எண்டும் பாருங்கோ, நூதனசாலை ஞாயிறுகளில பூட்டு; மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலமை இலவசம், அந்த வரிசையில அம்மாவை நிப்பாட்டேலாது. புதன் காலமை எண்டால் பாப்பரசரின்ர பொதுச் சந்திப்பு முடிய மத்தியானத்துக்குப் பிறகுதான் பேராலயம். விமான ரிக்கெற் எடுக்க முதல் முழுத் திட்டத்தையும் மூண்டு நாள் முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கோ. தோளும் முழங்காலும் மூடின உடுப்பில்லாட்டி எந்த நாளெண்டாலும் வாசலில மறிப்பினம்.

ஸ்ருட்காட்_சாரதி

மூண்டு நாள் தள்ளினால் கொத்தார்ட்டும் வெள்ளியில விழுமோ எண்டு ஒருக்காப் பார்த்திட்டுத் தள்ளுங்கோ.